கறுப்புக் கச்சைத் தேசபக்தியும் வெறுங்கைத் தொழிலாளியும்



சம்பளத்துக்கு முதல் நாள் மாலை. செக்ரோலைக் கூட்டிச் சரிபார்த்துப் பேரேட்டை மூடப்போகும் வேளை. பால்வெட்டும் இளைஞர் ஒருவர் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். நம் தோட்டத்துப் பிள்ளை. நான் படித்த அதே தமிழ்ப் பள்ளியில் படித்தவர். கையில் மடித்த கடிதம் ஒன்று. கக்கத்தில் புத்தகம் ஒன்று.

"அண்ணே, இனிமே என் சம்பளத்துல சங்கச் சந்தாவ வெட்டாதீங்க. கடிதாசி எழுதியே கொண்டாந்திருக்கேன்" என்றார்.

"ஏன் தம்பி? யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"யாரும் சொல்லலேண்ணே. மனுசன் சொந்தக் கால்ல நிக்கணும். சங்கம், சர்க்கார்னு அடுத்தவன் தோள்லயே சாஞ்சிக்கிட்டிருந்தா நாமளும் உருப்பட மாட்டோம், நாடும் உருப்படாது. இதப் படிச்சதுலேருந்து எனக்கு அப்படித்தான் படுது" என்று சொல்லிப் புத்தகத்தை மேசைமேல் வைத்தார்.

பார்த்தேன். சக் நாரிஸ்! அமெரிக்கத் திரைப்பட நடிகர், கராத்தே வீரர் சக் நாரிஸ் 2008-ல் எழுதிய 'பிளாக் பெல்ட் பேட்ரியாட்டிசம்'. தமிழில் சொன்னால் 'கறுப்புக் கச்சைத் தேசபக்தி'. தூங்கிப்போன அமெரிக்காவை எப்படித் தட்டி எழுப்புவது என்பதுதான் நூலின் பொருள். பட்டணத்துப் பழைய புத்தகக் கடையில் வாங்கினாராம்.

நான் கோபப்படவில்லை. கடிதம் எழுதுவது அவருடைய உரிமை. "இந்த மாசக் கணக்கு முடிஞ்சிடுச்சு தம்பி, அடுத்த மாசத்துலேருந்துதான் மாத்த முடியும். அதுக்குள்ள இந்தப் புத்தகத்த எனக்கு இரவல் குடு" என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். தமிழ்ப் பள்ளியில் படித்தவனுக்கு ஆங்கில நூல் இலேசில் வசப்படாது. இரவெல்லாம் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். படித்தபின் தோன்றியதை நம் ஏட்டின் வாயிலாக அந்தத் தம்பிக்கும், அவரைப்போல எண்ணும் மற்றத் தம்பிகளுக்கும் சொல்லுகிறேன். ஒளிவு மறைவு இல்லாமல் சொல்லுகிறேன்.

யார் இந்த நாரிஸ்?

எதிராளியின் பெருமையை முதலில் ஒப்புக்கொள்வது நம் பண்பு. நாரிஸ் சாமானியர் அல்லர். 1940-ல் ஓக்லஹோமா மாநிலத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பனார் குடிப்பழக்கம் உள்ளவர். தாயார் பாடுபட்டு மூன்று ஆண் பிள்ளைகளை வளர்த்தார். 1958-ல் நாரிஸ் அமெரிக்க விமானப்படையில் சேர்ந்து கொரியாவுக்குப் போனார். அங்கேதான் தற்காப்புக் கலை கற்றார். 1972-ல் புரூஸ் லீயோடு மோதிய படம் அவரை உலகுக்குக் காட்டிற்று. 1993 முதல் 2001 வரை 'வாக்கர், டெக்சஸ் ரேஞ்சர்' தொலைக்காட்சித் தொடரில் நடித்தார். நம் லயத்துப் பிள்ளைகளும் பார்த்த தொடர் அது. அவருடைய தம்பி வீலண்ட் 1970-ல் வியட்நாம் போரில் மாண்டார். டெக்சஸ் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கராத்தே கற்றுக்கொடுத்து, போதைப்பொருள் பக்கம் போகாமல் காக்க 1990-ல் ஓர் அறநிறுவனமும் தொடங்கினார். இவையெல்லாம் பாராட்ட வேண்டிய செய்திகள். பாராட்டுகிறோம்.

நூலில் நல்ல சொற்களும் உண்டு. கடன் வாங்காதே என்கிறார், சரிதான். குடும்பத்தைப் பேணு என்கிறார், சரிதான். உடம்பைக் கட்டிக் காப்பாற்று என்கிறார், மிகச் சரி. நம் தோட்டத்துக் கள்ளுக்கடை எத்தனை குடும்பத்தைக் குலைத்தது என்பதை அறிந்த நாம் இந்தப் புத்திமதியை ஏன் மறுக்க வேண்டும்?

ஆனால் தோழர்களே, ஒரு தேசத்தைத் தட்டி எழுப்பப் புறப்பட்ட நூலில் கடனுக்கு அத்தியாயம் இருக்கிறது, எல்லைக்கு அத்தியாயம் இருக்கிறது, ஒழுக்கத்துக்கு இருக்கிறது, உடற்பயிற்சிக்குக்கூட இருக்கிறது. உழைப்பவன் கூலிக்கென்று ஓர் அத்தியாயம் உண்டா? இல்லை. விடியற்காலையில் எழுந்து வேலைக்குப் போகிறவன் உறங்கிக்கொண்டா இருக்கிறான், அவனை எழுப்ப? அவன் எழுந்துதான் இருக்கிறான். அவன் கேட்பது கூலி.

தனியாக நின்றாரா?

'சொந்தக் காலில் நில்' என்ற பாடத்தைத் தம்பி இந்த நூலிலிருந்து எடுத்துக்கொண்டார். நாரிஸின் வாழ்க்கையையே அதற்குச் சாட்சியாகக் காட்டினார். அந்த வாழ்க்கையைக் கிராணியின் கண்ணோடு, வரவு செலவுக் கணக்காகப் பார்ப்போமா?

அவருக்கு முதல் வேலை கொடுத்தது யார்? விமானப்படை. விமானப்படைக்குச் சம்பளம் கொடுத்தது யார்? சர்க்கார். சர்க்காருக்குப் பணம் கொடுத்தது யார்? வரி கட்டிய அமெரிக்கத் தொழிலாளி. கொரியாவில் அவருக்கு வித்தை சொல்லிக் கொடுத்தவர்கள் யார்? கொரிய ஆசான்கள். அந்த நான்கு ஆண்டும் சோறும் துணியும் சம்பளமும் பொதுப் பணத்திலிருந்து வந்தன. இது குற்றம் என்று சொல்லவில்லை. நல்ல காரியம். ஓர் ஏழைப் பிள்ளைக்குப் பொதுப்பணம் கைகொடுத்தது. அவன் மேலே வந்தான். இதைத்தானே நாமும் கேட்கிறோம்! பள்ளிக்கூடம் கொடு, மருந்து கொடு, வீடு கொடு, எங்கள் பிள்ளைகளும் மேலே வருவார்கள் என்கிறோம். ஏறி வந்தவர் ஏணியைப் பற்றிப் பேசாமல் தன் கால் வலியைப் பற்றி மட்டும் பேசினால் கேட்பவன் ஏமாந்து போகிறான்.

பிறகு சினிமா. அங்கேயாவது தனி மனிதர் ராஜ்யமா? இல்லை. அமெரிக்க நடிகர்களுக்குச் சங்கம் உண்டு; 1933-ல் தொடங்கிய பலமான சங்கம். 1960-ல் அந்தச் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. பட முதலாளிகள் படத்தைத் தொலைக்காட்சிக்கு விற்றுக் காசு பார்க்கிறார்கள்; நடித்தவனுக்குப் பங்கு எங்கே என்று கேட்டது. பங்கும் கிடைத்தது; ஓய்வூதிய, மருத்துவ நிதியும் கிடைத்தது. அப்போது சங்கத் தலைவர் யார் தெரியுமா? ரொனால்ட் ரீகன்! பின்னாளில் ஜனாதிபதியாகி, 1981-ல் வேலைநிறுத்தம் செய்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு ஊழியர் 11,000 பேருக்கு மேல் வீட்டுக்கு அனுப்பிய அதே ரீகன்தான். நட்சத்திரத்துக்குச் சங்கம் வேண்டும். ஊழியனுக்குச் சங்கம் வேண்டாம். இது எந்த ஊர் நியாயம்?

கடலில் விழுந்த தேயிலை

நாரிஸ் தம் நூலில் அமெரிக்க விடுதலையை உருவாக்கிய முன்னோரிடம் திரும்பிப் போகச் சொல்லுகிறார்.  நல்லது, திரும்பிப் போய்த்தான் பார்ப்போமே!

1773 டிசம்பர் 16-ம் நாள் இரவு. பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். அந்தத் தேயிலை யாருடையது? கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. நமக்குப் புதிய பெயரா இது? தமிழ்நாட்டில் வரி வாங்கிய அதே கம்பெனி. 1786-ல் பினாங்கில் கொடி நாட்டிய அதே கம்பெனி. பாஸ்டன் மக்களுக்கு அது செய்தது கொஞ்சம். நம் பாட்டன்மாருக்குச் செய்தது கொள்ளை!

அந்தக் கம்பெனியை அவர்கள் எப்படி எதிர்த்தார்கள்? ஒரு வீரன் தனியாகக் கப்பலேறி எல்லாரையும் காலால் உதைத்துக் கடலில் தள்ளினானா? அது சினிமாவில் நடக்கும். பாஸ்டனில் நடந்தது வேறு. கூட்டம் கூட்டினார்கள், ஆயிரக்கணக்கில் திரண்டார்கள், பேசி முடிவெடுத்தார்கள், பலர் சேர்ந்து இறங்கினார்கள். அதற்கு முன்பே பல ஆண்டுகளாக ஆங்கிலேயச் சரக்கை வாங்குவதில்லை என்று ஊர் ஊராகக் கட்டுப்பாடு செய்திருந்தார்கள். கட்டுப்பாட்டை மீறிய வியாபாரியின் பெயரை ஊரறியச் சொன்னார்கள். இதற்குத் தமிழில் என்ன பெயர்? ஒற்றுமை, பகிஷ்காரம், சங்கம்! அமெரிக்க சுதந்திரம் கூட்டு முயற்சியில் பிறந்த குழந்தை. அந்தக் குழந்தைக்குத் தனிமனித வீரம் என்று பெயர் சூட்டுவது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். முன்னோர் முன்னோர் என்கிறாரே, எல்லாருடைய முன்னோருமா? வாஷிங்டன் அடிமைகளை வைத்திருந்தார். எல்லா மனிதரும் சமம் என்ற பிரகடனத்தை எழுதிய ஜெபர்சன் தம் வாழ்நாளில் 600-க்கு மேற்பட்ட அடிமைகளை உடைமையாக வைத்திருந்தார். 1787-ல் எழுதிய அரசியல் சட்டம் பிரதிநிதிகள் எண்ணிக்கையை வகுக்கும்போது அடிமையை ஐந்தில் மூன்று பங்கு ஆளாகத்தான் எண்ணியது. அடிமை முறை ஒழிந்தது 1865-ல். பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை 1920-ல். அந்த முன்னோர் விதை போட்டார்கள் என்பது உண்மை. ஆனால் விதையைப் பயிராக்கியவர்கள் யார்? ஓடி வந்த அடிமைகள், ஊர்வலம் போன பெண்கள், வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள். பின்னால் போனால் நாடு புதுப்பிக்கப்படும் என்கிறவரைக் கேளுங்கள்: எந்த ஆண்டுக்குப் போக வேண்டும்? அந்த ஆண்டில் என் பாட்டன் எங்கே நின்றான்?

அந்த நாட்டுத் தோட்டத் தொழிலாளி

தம்பி ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1935-ல் அமெரிக்காவில் சங்கம் அமைக்கும் உரிமையைக் காக்கும் சட்டம் வந்தது. 1938-ல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. மணிக்கு 25 காசு. ஆனால் இரண்டிலும் விவசாயத் தொழிலாளியைச் சேர்க்கவில்லை. வயலிலும் தோட்டத்திலும் வேலை செய்கிறவன் வேறு சாதி மனிதன் என்பதுபோல ஒதுக்கி வைத்தார்கள். தென் மாநிலங்களில் அவர்களில் பெரும்பாலோர் கறுப்பர். மேற்கே மெக்சிகோவிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் வந்தவர்.

1965 செப்டம்பரில் கலிபோர்னியாவில் டெலானோ என்ற இடத்தில் திராட்சைத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலில் இறங்கியவர்கள் பிலிப்பினோக்கள். அவர்கள் தலைவர் லாரி இட்லியாங். எட்டே நாளில் சீசர் சாவெஸ் தலைமையில் மெக்சிகோ வம்சாவளியினரும் சேர்ந்தார்கள். அதுவரை ஓர் இனத்தார் வேலைநிறுத்தம் செய்தால் இன்னோர் இனத்தாரைக் கொண்டுவந்து முதலாளி காரியத்தை முடித்துக்கொள்வார். அந்தத் தந்திரம் அன்று பலிக்கவில்லை. நாடெங்கும் மக்கள் திராட்சை வாங்க மறுத்தார்கள். கலிபோர்னியா ஆளுநர் ரீகன் பகிஷ்காரத்தை எதிர்த்தார். ஐந்து ஆண்டு போராட்டம். 1970-ல் முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்.

தேசத்தைப் புதுப்பிப்பது என்றால் இதுவல்லவா புதுப்பிப்பு? வயலில் மருந்து அடித்தால் தொழிலாளிக்குப் பாதுகாப்பு, குடிக்கத் தண்ணீர், நியாயமான கூலி என்று எழுதி வாங்கிய அந்த ஒப்பந்தம் ஆயிரம் தேசபக்திப் பிரசங்கத்துக்குச் சமம்.

எல்லையில் சுவர், தோட்டத்தில் ஆள்

நூலில் எல்லைப் பாதுகாப்புக்குத் தனி அத்தியாயம் உண்டு. சட்டத்துக்குப் புறம்பாக வருகிறவர்களைத் தடுக்க வேண்டும் என்கிறார். எந்த நாட்டுக்கும் எல்லை வேண்டியதுதான். ஆனால் யார் அழைத்து அவர்கள் வந்தார்கள்? 1942 முதல் 1964 வரை அமெரிக்க சர்க்காரே மெக்சிகோவோடு ஒப்பந்தம் செய்து இலட்சக்கணக்கான கூலியாட்களை வரவழைத்தது. வேலைக்கு ஆள் வேண்டும்போது கதவு திறந்தது. வேலை முடிந்ததும், அல்லது தேர்தல் வந்ததும், அந்நியன் என்ற பேச்சு வந்தது.

இந்தக் கதை நமக்குத் தெரியாதா? காடழித்து இரப்பர் நடக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்தார்கள். 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவனுக்கு வேலைப் பெர்மிட் என்ற சட்டம் கடுமையானபோது, வாழ்நாள் முழுதும் பால்வெட்டியவர்கள் ஆயிரக்கணக்கில் பெட்டி கட்டிக்கொண்டு கப்பலேறினார்கள். லயமே அழுத நாள்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

நம்மையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும், தோழர்களே. இன்று நம் பக்கத்து நிரையில் வெட்டுகிற வங்காளதேசத்தானையும் இந்தோனேசியாக்காரனையும் நாம் என்ன சொல்லி அழைக்கிறோம்? அவன் வந்ததால் நம் கூலி குறைந்தது என்று பேசுகிறோம். கூலியைக் குறைத்தது அவன் அல்லன். குறைந்த கூலிக்கு அவனைக் கொண்டுவந்தவன். ஒரே வேலைக்கு ஒரே கூலி, ஒரே சங்கம் என்று ஆகிவிட்டால் அவனைக் காட்டி நம்மை மிரட்ட யாராலும் முடியாது. டெலானோ கற்பித்த பாடம் இது.

நூற்றுக்கு 23

இனிக் கணக்குக்கு வருவோம். கணக்கு என் தொழில்.

நாரிஸ் 2008 ஜனாதிபதித் தேர்தலுக்கு முன் மைக் ஹக்கபி என்ற வேட்பாளரை ஆதரித்துப் பிரசாரம் செய்தார். ஹக்கபியின் முக்கியத் திட்டம் 'நியாய வரி'. நாரிஸும் அதை ஆதரித்தார். என்ன திட்டம்? வருமான வரி, சம்பளத்தில் பிடிக்கும் வரி எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். அதற்குப் பதிலாகக் கடையில் வாங்கும் சாமானுக்கு நாடு தழுவிய ஒரே விற்பனை வரி. எவ்வளவு? நூற்றுக்கு 23 என்கிறார்கள். இதில் ஒரு சூட்சுமம். கடையில் நீங்கள் 100 டாலர் கொடுத்தால் அதில் 23 வரி; சரக்கு விலை 77. எழுபத்தேழுக்கு இருபத்துமூன்று என்றால் நாம் வழக்கமாகக் கணக்கிடும் முறையில் நூற்றுக்கு ஏறக்குறைய 30!

நம் நாட்டில் 2015 ஏப்ரலில் ஜி.எஸ்.டி. வந்தது. நூற்றுக்கு 6. ஆறுக்கே நம் வீட்டுப் பெண்கள் கடைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பட்ட பாடு மறந்துவிட்டதா? 2018-ல் ஆட்சியே மாறியது, வரியும் போயிற்று. ஆறு தாங்காத முதுகில் முப்பதை ஏற்றினால் என்ன ஆகும்?

நியாயத்தை மறைக்கக்கூடாது. அந்தத் திட்டத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அடிப்படைச் செலவுக்கான வரியை மாதாமாதம் திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதையும் சேர்த்தே கணக்குப் பார்ப்போம். ஒரு பேச்சுக்கு, 1,500 வெள்ளிச் செலவுக்கு வரி திரும்பக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 4,000 வெள்ளி வாங்கும் ஒரு குடும்பம். வாங்குவது முழுவதும் செலவாகிவிடும். 2,500-க்கு வரி, 575 வெள்ளி. வருமானத்தில் நூற்றுக்கு 14-க்கு மேல். மாதம் 20,000 வெள்ளி வாங்கும் ஒரு துரை. 8,000 செலவழித்து 12,000 சேமிக்கிறார். 6,500-க்கு வரி, 1,495 வெள்ளி. வருமானத்தில் நூற்றுக்கு ஏழரை! சேமிக்க முடிந்தவனுக்குப் பாதிச் சுமை; சேமிக்க முடியாதவனுக்கு இரட்டைச் சுமை. இதற்குப் பெயர் நியாய வரியாம்! புஷ் ஜனாதிபதியாக இருந்தபோது 2005-ல் அவர் நியமித்த வரிச் சீர்திருத்தக் குழுவே இத்தகைய விற்பனை வரியைச் சிபாரிசு செய்யவில்லை.

கடனைப் பற்றி நாரிஸ் அஞ்சியது வீண் அச்சம் அல்ல. அந்த நூல் வெளிவந்த 2008 செப்டம்பரில் அமெரிக்க சர்க்காரின் கடன் 10 இலட்சம் கோடி டாலரை எட்டியது. ஆனால் அதே மாதம் 15-ம் தேதி லேமன் பிரதர்ஸ் என்ற மாபெரும் நிதி நிறுவனம் கவிழ்ந்தது. அடுத்த மாதமே நிதி நிறுவனங்களைக் காப்பாற்ற 70,000 கோடி டாலர் வரை செலவிடச் சட்டம் வந்தது. ஏழைக்குச் 'சொந்தக் காலில் நில்' என்று உபதேசம் நடந்த அதே வேளையில் வங்கிக்காரனுக்குச் சர்க்கார் தோள் கொடுத்தது. கடனுக்குக் காரணம் ஏழையின் சோம்பலா, பணக்காரனின் சூதாட்டமா? மணிக்கு 7.25 டாலர் என்று 2009 ஜூலையில் நிர்ணயித்த மத்தியக் குறைந்தபட்சக் கூலியோ அதன்பின் பதினைந்து ஆண்டுகள் கடந்தும் ஒரு காசு ஏறவில்லை. யார் தூங்குகிறார்கள், யாரை எழுப்ப வேண்டும்?

இந்த 23 என்ற எண் இன்னோர் இடத்திலும் வருகிறது, தோழர்களே. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க மனம் வரவில்லை.

2018-ல் நாரிஸின் நிறுவனம் சி.பி.எஸ்., சோனி என்ற இரு பெரும் நிறுவனங்கள்மேல் வழக்குத் தொடுத்தது. 'வாக்கர்' தொடரின் இலாபத்தில் நூற்றுக்கு 23 தமக்குத் தருவதாக ஒப்பந்தம். புதிய வழிகளில் தொடரை விற்றுச் சம்பாதித்துவிட்டுச் சரியான பங்கைத் தரவில்லை. குறைந்தது 3 கோடி டாலர் வரவேண்டும் என்று முறையிட்டது. வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. நான் சொல்ல வருவது வேறு.

அவர் கேட்டது சரியான கேள்வி! 'நான் உழைத்தேன்; என் உழைப்பில் நீ இலாபம் கண்டாய்; ஒப்பந்தப்படி என் பங்கைக் கொடு; கணக்கைக் காட்டு.' இதைவிடச் சுருக்கமாகத் தொழிற்சங்கக் கோரிக்கையை யாராவது எழுத முடியுமா? உலகறிந்த வீரர், எதிரியை ஒரே உதையில் வீழ்த்தும் திரைக் கதாநாயகர், தம் பங்கு வேண்டும் என்றபோது காலைத் தூக்கவில்லை. ஒப்பந்தத்தைத் தூக்கினார், வழக்கறிஞரை அழைத்தார், சர்க்கார் நடத்தும் நீதிமன்றத்துக்குப் போனார். கோடீசுவரருக்கே கம்பெனிக்கு முன்னால் துணை வேண்டியிருக்கிறது. பால்வாளி சுமக்கிறவனுக்கு வேண்டாமா?

அவரிடம் வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இருந்தது. நம்மிடம் என்ன இருக்கிறது? மாதச் சந்தா இருக்கிறது. நம் ஒப்பந்தத்தை எழுதுவதும், பால் எடையில் குறைந்தால் கேட்பதும், நீதிமன்றத்தில் நிற்பதும் அந்தச் சந்தாவால்தான்.

மேசைக்குள் இருக்கும் கடிதம்

தம்பிக்கு ஒரு வார்த்தை. நீங்கள் பிறக்கும்போதே சில வசதிகள் இருந்தன. அதனால் அவை மழைபோல வானத்திலிருந்து வந்தவை என்று நினைக்கிறீர்கள். 1951-ல் ஊழியர் சேமநிதி வந்தது. 1954-ல் சிதறிக் கிடந்த தோட்டச் சங்கங்கள் ஒன்றாகித் தேசிய சங்கம் ஆயின. 1969-ல் சொக்சோ சட்டம் வந்தது. 2013-ல் முதன்முறையாகத் தீபகற்பத்தில் 900 வெள்ளி என்று குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தது. 2025 பிப்ரவரியில் அது 1,700 வெள்ளி ஆயிற்று. போதுமா? போதாது. ஆனால் தனி ஆளாகப் போய் ஆபீஸ் வாசலில் நின்று எவனாவது இதில் ஒரு வெள்ளியை வாங்கினானா? நான் ஆபீசில் உட்கார்ந்திருப்பவன்; சொல்லுகிறேன். தனியாக வருகிறவனுக்குக் கிடைப்பது 'பார்க்கலாம்' என்ற ஒரே பதில்தான்.

சங்கத்தில் குறை இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. கூட்டத்துக்குத் தலைவர் நேரத்துக்கு வருவதில்லை. மனுப் போட்டால் பதில் வர மாதக்கணக்காகிறது. இளைஞர் பேச எழுந்தால் 'உட்கார் தம்பி' என்கிறார்கள். இந்த அலட்சியம்தான் நம் பிள்ளைகளைப் பழைய புத்தகக் கடைக்கு அனுப்பி வைக்கிறது. நாம் பாடம் சொல்லாத இடத்தில் நாரிஸ் பாடம் சொல்லுகிறார். பிழை அவருடையது மட்டுமா? தலைவர்களும் இதைப் படிக்கட்டும். கூரை ஒழுகினால் ஓலை மாற்ற வேண்டும். வீட்டைப் பிரித்து வெயிலில் போடக்கூடாது.

சொந்தக் காலில் நிற்பது நல்லதுதான், தம்பி. பால்மரமும் தன் காலில்தான் நிற்கிறது. ஆனால் புயலடிக்கிற இரவில் தோப்பின் நடுவே நிற்கிற மரம் பிழைக்கிறது. வெட்டவெளியில் ஒற்றையாய் நிற்கிற மரம் சாய்கிறது. நம் தோட்டத்தில் நீங்களே கண்ணால் கண்ட உண்மை இது.

உங்கள் கடிதம் என் மேசைக்குள் பத்திரமாக இருக்கிறது. மாதக் கடைசியில் வந்து 'அனுப்பிடுங்கண்ணே' என்று சொன்னால் அன்றைக்கே அனுப்பிவிடுவேன். ஒரு சொல் மறுத்துப் பேச மாட்டேன். புத்தகமும் இருக்கிறது, நல்லபடி திருப்பித் தருவேன். அதில் உள்ள உடற்பயிற்சியைச் செய்யுங்கள். கடன் வாங்காதீர்கள். தாய் தகப்பனைக் காப்பாற்றுங்கள். ஆனால் அடுத்த சங்கக் கூட்டத்துக்கும் ஒரு தடவை வாருங்கள். 'உட்கார்' என்று எவர் சொன்னாலும் உட்காராதீர்கள். நின்று கேளுங்கள். நானும் உங்கள் பக்கத்தில் நிற்கிறேன்.

வாழ்க தொழிலாளர் ஒற்றுமை!